நூறு புள்ளிக்கு ஒரே லேசர்

இருட்டியதும் ஒரு கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். வெகு தூரத்தில் புள்ளியாகத் தெரியும் ஒரு விளக்கைத் தேர்ந்தெடுங்கள். குடையை விரித்து, அதன் துணி வழியாக அந்த விளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு பல விளக்காகியிருக்கும்! நடுவில் ஒன்று, அதைச் சுற்றிக் கூட்டல் குறி போலச் சின்னச் சின்னப் புள்ளிகள், அவற்றின் ஓரத்தில் லேசாக வானவில் நிறம். குடையைச் சுழற்றினால் புள்ளிகளும் கூடவே சுழலும். குடை கிடைக்கவில்லையென்றால் மெல்லிய பட்டுத் துணி போதும். சூரியனையோ லேசர் விளக்கையோ மட்டும் இப்படிப் பார்த்துவிடாதீர்கள். கண் போய்விடும்.

1785-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் பிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர் தெருவிளக்கைத் தம் பட்டுக் கைக்குட்டை வழியாகப் பார்த்து இதே காட்சியைக் கண்டார். கைக்குட்டையை இடம் வலமாக அசைத்தாலும் அதில் தெரிந்த கோடுகள் அசையவில்லையே என்று குழம்பி, டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற வானியலாளருக்குக் கடிதம் எழுதினார். ரிட்டன்ஹவுஸ் வெறுமனே பதில் எழுதி விட்டுவிடவில்லை. சுமார் 50 முடிகளைச் சம இடைவெளியில் வரிசையாகக் கட்டி, அதன் வழியே ஒளியைப் பார்த்து, ஒவ்வொரு கோடும் எவ்வளவு கோணத்தில் விலகியிருக்கிறது என்று அளந்தார்.

நூலுக்கும் நூலுக்கும் நடுவே இருக்கும் சந்துதான் இந்த வித்தைக்குக் காரணம். ஒளி ஓர் அலை. குறுகலான சந்தில் நுழைந்து வெளியே வரும்போது அது விரிந்து பரவும். இப்படி ஆயிரக்கணக்கான சந்துகளிலிருந்து வரும் அலைகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஒரு அலையின் மேடும் இன்னொரு அலையின் மேடும் சேர்ந்து வரும் திசையில் வெளிச்சம். மேடும் பள்ளமும் சேரும் திசையில் இரண்டும் அழிந்து இருட்டு. நீங்கள் பார்த்த புள்ளிகள் எல்லாம் மேடுகள் கூடிவந்த திசைகள்தான்.

துணியைக் கையில் கொடுத்துவிட்டால், எங்கெங்கே புள்ளி வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அது கல்லூரிப் பாடம். கொஞ்சம் கஷ்டம், ஆனால் விடை உறுதி. இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். “எனக்கு வேண்டிய இடங்களில் மட்டும் புள்ளிகள் வர வேண்டும். அதற்கு எப்படிப்பட்ட துணி நெய்ய வேண்டும்?” இது வேறு மாதிரிக் கேள்வி. இதற்கு நேரான சூத்திரம் கிடையாது. அதனால்தான் பலரும் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வழிகளில் எது கெட்டிக்கார வழி என்று பார்ப்பதுதான் நம் வேலை.

அந்தத் ‘துணி’க்கு ஹோலோகிராம் என்று பெயர். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்த டென்னிஸ் கேபார், 1940-களின் கடைசியில் ஹோலோகிராமைக் கண்டுபிடித்தார். 1971-ல் இதற்காக நோபல் பரிசும் பெற்றார். அவர் முறையில் ஒரு பொருளின் மேல் பட்டு வரும் ஒளியைப் படச்சுருளில் பதிய வேண்டும். அதாவது பொருள் முன்னால் இருந்தாக வேண்டும். 1966-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பைரன் பிரவுன், அடால்ஃப் லோமன் இருவரும் பொருளே இல்லாமல் ஹோலோகிராம் செய்யும் விதத்தை வெளியிட்டார்கள். கணினி கணக்குப் போட்டது. வரையும் கருவி அந்தக் கணக்கைப் பெரிதாக வரைந்தது. அதைப் புகைப்படம் எடுத்துச் சுருக்கினார்கள். உலகத்தில் இல்லாத பொருளுக்கும் ஹோலோகிராம் கிடைத்துவிட்டது.

இன்றைக்கு வரையவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். திரவப் படிகத் தகடு ஒன்று இருக்கிறது. உங்கள் கால்குலேட்டரில் எண் காட்டும் அதே வகைப் பொருள்தான் உள்ளே. சின்னஞ்சிறு தகடு, அதில் லட்சக்கணக்கான பிக்சல்கள். லேசர் ஒளி அதன் மேல் பட்டுத் திரும்பும்போது, ஒவ்வொரு பிக்சலும் தன் பங்கு ஒளியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அனுப்பும். எவ்வளவு தாமதம்? ஒரே ஓர் அலை நீளத்துக்குள். சிவப்பு லேசரில் 1 மில்லிமீட்டருக்குள் சுமார் 1,580 அலைகள் அடங்கும். அதில் ஓர் அலையை எடுத்து, அதையும் 256 படிகளாகப் பிரித்து, எந்தப் படி என்று கணினி பிக்சலுக்குச் சொல்லும். அலையின் இந்த முன்பின் நிலையைத்தான் இயற்பியல் புத்தகம் ‘கட்டம்’ என்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தப் பிக்சலுக்கு ஒளியைக் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. கட்டத்தை மாற்ற மட்டும்தான் தெரியும். பின்னால் வரும் தொல்லையெல்லாம் இதனால்தான்.

தொல்லைப்பட்டாவது இதை ஏன் செய்கிறார்கள்? ஒளியால் பொருளைப் பிடிக்க முடியும் என்பதால்! 1986-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் அவருடைய கூட்டாளிகளும், லேசரைக் கூர்மையாகக் குவித்தால் அந்தக் குவியும் இடம் நுண்ணிய மணிகளை இழுத்து வைத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். இதுதான் ஒளி இடுக்கி. உயிருள்ள பாக்டீரியாவைக்கூட அதில் பிடித்தார்கள். 2018-ல் ஆஷ்கினுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 96. ஒரு லேசர், ஓர் இடுக்கி என்றால் ஒரு மணியைத்தான் பிடிக்கலாம். நூறு மணி பிடிக்க நூறு லேசர் வாங்க முடியுமா? நடுவில் ஒரு ஹோலோகிராமை வைத்தால் ஒரே லேசரை நூறு புள்ளியாக்கலாம். ஆனால் நூறு புள்ளியும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்க வேண்டும். ஒரு புள்ளி மங்கினால் அந்த இடுக்கியின் பிடி தளர்ந்து மணி நழுவிவிடும்.

சரி, எல்லா ஹோலோகிராமையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுத்தால் என்ன? 768-க்கு 768 பிக்சல் உள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 5,89,824 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மொத்தம் எத்தனை ஹோலோகிராம் சாத்தியம் என்று எழுதப் போனால், அந்த எண்ணில் 14 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள் இருக்கும். எண்ணிக்கை 14 லட்சம் என்று படித்துவிடாதீர்கள், இலக்கங்களே 14 லட்சம்! காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள எல்லா அணுக்களையும் எண்ணினாலும் நூறு இலக்கம் தாண்டாது. ஆகவே அந்த யோசனையை விட்டுவிடுவோம்.

2007-ல் ரோம் நகரில் ராபர்ட்டோ தி லியோனார்தோவும் அவருடைய கூட்டாளிகளும் முன்பு சொன்ன அந்தப் பல வழிமுறைகளையெல்லாம் ஒரே மைதானத்தில் இறக்கிப் போட்டி வைத்தார்கள். கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: 768-க்கு 768 பிக்சலில், வரிசைக்கு 10 வீதம் 10 வரிசையாக 100 புள்ளிகள் கொண்டு வா. மதிப்பெண் இரண்டு. லேசரின் ஒளியில் எத்தனை சதவீதம் புள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஒன்று. புள்ளிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சமமாக இருக்கின்றன என்பது இன்னொன்று.

போட்டிக்குப் போகும் முன், ஒரே ஒரு புள்ளி மட்டும் வேண்டுமென்றால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது சுலபம். தகட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தாமதத்தைச் சீராக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒளிக்கற்றை ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். ஏற்றம் அதிகமானால் திருப்பமும் அதிகம். ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி ஒரு தனிச் சரிவு உண்டு. நூறு சரிவுகளையும் ஒரே தகட்டில் எப்படித் திணிப்பது என்பதுதான் போட்டி.

முதல் ஆட்டக்காரருக்கு யோசிக்கவே நேரமில்லை. பிக்சல்களைச் சீட்டுக் குலுக்கி நூறு புள்ளிக்கும் பங்கு பிரித்துவிட்டார். ‘நீ 37-ஆம் புள்ளியின் சரிவைக் காட்டு, நீ 82-ஆம் புள்ளியின் சரிவைக் காட்டு’ என்று. நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் புள்ளிகளுக்குக் கிடைத்தது மொத்த ஒளியில் வெறும் 1 சதவீதம். காரணம் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஒரு புள்ளிக்கு நூறில் ஒரு பங்கு பிக்சல்கள் வேலை செய்கின்றன. அதனால் அங்கே அலையின் உயரம் நூறில் ஒரு பங்கு. வெளிச்சமோ அலை உயரத்தின் வர்க்கம். ஆகவே ஒரு புள்ளிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வெளிச்சம். அப்படி நூறு புள்ளி சேர்ந்தால் நூறில் ஒரு பங்கு. மீதி 99 சதவீதமும் நாலாபக்கமும் சிதறி வீணாகிறது.

அடுத்தவர் கொஞ்சம் படித்தவர். நூறு அலைகளையும் ஒவ்வொரு பிக்சலிலும் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகையின் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒளி 29 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிக மங்கலான புள்ளி, மிகப் பளிச்சென்ற புள்ளியின் இருநூறில் ஒரு பங்குதான். போதாததற்கு, கேட்காத இடங்களிலும் பேய்ப் புள்ளிகள் முளைத்தன. புள்ளிகள் சதுரமாக ஒழுங்காக அடுக்கியிருப்பதால் வந்த வினை இது. எல்லா அலைகளும் ஒரே கட்டத்தில் கிளம்பினால், சில பிக்சல்களில் எல்லாம் கூடி மலையாகும். பெரும்பாலான பிக்சல்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ‘இங்கே நிறைய ஒளி, அங்கே கொஞ்சம்’ என்று கணக்கு கேட்கிறது. நம் பிக்சலுக்கோ ஒளியைக் கூட்டக் குறைக்கத் தெரியாது.

இவருடைய தம்பி ஒரே ஒரு மாற்றம் செய்தார். கூட்டுவதற்கு முன், ஒவ்வொரு புள்ளியின் அலைக்கும் குத்துமதிப்பாக ஒரு தொடக்கக் கட்டத்தைக் கொடுத்தார். அவ்வளவுதான். மற்ற கணக்கு அண்ணன் போட்டது போலவே. ஒளி 29-லிருந்து 69 சதவீதத்துக்குத் தாவியது! புள்ளியில் வெளிச்சம் இருந்தால் நமக்குப் போதும். அந்த ஒளி எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தால் என்ன? மணியைப் பிடிக்கும் இடுக்கி அதைக் கேட்பதில்லை, நம் கண்ணுக்கும் அது தெரியாது. யாருக்கும் தேவைப்படாத அந்தச் சுதந்திரத்தைத் தம்பி பயன்படுத்திக்கொண்டார். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இனி வரும் கெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் இதே சுதந்திரத்தை வைத்துத்தான் விளையாடுகிறார்கள்.

1972-ல் ரால்ஃப் கெர்ச்பெர்க், ஓவன் சாக்ஸ்டன் இருவரும் வெளியிட்ட வழிமுறை அதில் முதன்மையானது. அவர்கள் ஹோலோகிராமுக்காக இதைச் செய்யவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் வெளிச்சம் பதியும், கட்டம் தொலைந்துவிடும். தொலைந்ததை மீட்கக் கணக்குத் தேடினார்கள். அவர்கள் வழி இப்படி: குத்துமதிப்பான ஒரு ஹோலோகிராமோடு தொடங்கு. அதிலிருந்து என்ன புள்ளிகள் வரும் என்று கணக்கிடு. வந்த புள்ளிகளின் வெளிச்சத்தை அழித்துவிட்டு, நமக்கு வேண்டிய வெளிச்சத்தை எழுது, கட்டத்தைத் தொடாதே. இப்போது பின்னோக்கிக் கணக்கிட்டுத் தகட்டுக்கு வா. அங்கே வந்த ஒளி அளவை அழித்துவிட்டு, லேசர் உண்மையில் தரும் அளவை எழுது, கட்டத்தைத் தொடாதே. மறுபடி முன்னோக்கிப் போ. இப்படி முன்னும் பின்னும் 30 தடவை போய்வந்தால், போட்டியில் 94 சதவீத ஒளி புள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஒளி வகையில் இவர்தான் முதல். ஆனால் மிக மங்கலான புள்ளியின் வெளிச்சம், மிகப் பளிச்சென்றதில் பாதிகூட இல்லை. சராசரி நன்றாக இருந்தால் இவருக்குத் திருப்தி. பின்தங்கிய புள்ளியை இவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு பிடிவாதக்காரரும் வந்தார். ஏதாவது ஒரு பிக்சலைத் தொடுவார், படியை மாற்றுவார். விடை முன்பைவிட நன்றாக வந்தால் வைத்துக்கொள்வார், இல்லாவிட்டால் பழையபடி விட்டுவிடுவார். அடுத்த பிக்சல். அடுத்த பிக்சல். ஏழரை லட்சம் முறை! கடைசியில் நூறு புள்ளியும் அச்சு அசலாக ஒரே வெளிச்சம். ஒளியோ 68 சதவீதம்தான். தம்பி ஒரே நொடியில் முடித்ததைவிட ஒரு சதவீதம் குறைவு. மணியை அங்கும் இங்கும் நகர்த்த வேண்டுமானால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் புது ஹோலோகிராம் வேண்டும். இவரை நம்பினால் மணி நகர்வதற்குள் பொழுது விடிந்துவிடும்.

ரோம் குழுவின் சொந்த ஆட்டக்காரர் கடைசியாக இறங்கினார். கெர்ச்பெர்க்–சாக்ஸ்டன் வழியையே எடுத்துக்கொண்டு, ஒரு சிறு சேர்க்கை மட்டும் செய்திருந்தார். கல்யாணப் பந்தியில் நல்ல பரிமாறுபவர் என்ன செய்வார்? இரண்டாம் முறை வரும்போது யார் இலை காலியாக இருக்கிறது என்று பார்த்து அங்கே ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார். நிறைந்த இலையைத் தாண்டிப் போவார். அதேதான். ஒவ்வொரு சுற்றிலும் மங்கலான புள்ளிக்கு அடுத்த சுற்றில் ‘உனக்குக் கூடுதலாக வேண்டும்’ என்று எழுதுவது, பளிச்சென்ற புள்ளிக்குக் குறைத்து எழுதுவது. நிரலில் பார்த்தால் ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான் சேர்க்கை. முப்பது சுற்றில் 93 சதவீத ஒளி. மிக மங்கலான புள்ளிக்கும் மிகப் பளிச்சென்ற புள்ளிக்கும் வித்தியாசம் சுமார் 2 சதவீதம். ஒளியில் ஒரே ஒரு சதவீதத்தை விட்டுக்கொடுத்துச் சமத்துவத்தை வாங்கிவிட்டார்.

இது வெறும் மதிப்பெண் விளையாட்டாக நின்றுவிடவில்லை. பிரான்சின் பலேசோ நகரில் அந்துவான் புரோவேஸ் குழுவினர் மணிகளுக்குப் பதிலாகத் தனித்தனி ரூபிடியம் அணுக்களை இப்படி ஒளி இடுக்கிகளில் பிடிக்கிறார்கள். ஒரு இடுக்கிக்கு ஒரே ஓர் அணு! 2018-ல் முப்பரிமாணமாக 72 அணுக்கள் வரை அடுக்கினார்கள். அணுக்களால் ஓர் ஈஃபில் கோபுரமும் எழுப்பிக் காட்டினார்கள். அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் ஒரு குழு 2025-ல் இன்னும் பெரிதாகப் போனது. சுமார் 12,000 இடுக்கிகள், அவற்றில் 6,100 சீசியம் அணுக்கள். பாதி இடுக்கி ஏன் காலி என்று கேட்பீர்கள். இந்த முறையில் ஓர் இடுக்கியில் ஒன்று அணு இருக்கும், இல்லை இருக்காது. இரண்டுக்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு. அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கும் ஒளியைப் பங்கிட்டது பந்திப் பரிமாறல்தான். குவாண்டம் கணினி செய்வதற்கான முயற்சி இது. அதில் ஒவ்வொரு அணுவும் மற்றதைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். இடுக்கிக்கு இடுக்கி வெளிச்சம் மாறினால் அணுவுக்கு அணு நடத்தை மாறிவிடும்.

ஆய்வகத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. கணினித் திரையில் எல்லாப் புள்ளியும் சமமாக இருக்கும். உண்மையான லேசரைப் போட்டுக் கேமராவில் பார்த்தால் மேடுபள்ளம் தெரியும். லென்ஸில் குறை இருக்கலாம், தகடு லேசாக வளைந்திருக்கலாம், லேசரின் ஒளி நடுவில் கூடுதலாக இருக்கலாம். குறையை ஒவ்வொன்றாகத் துப்பறியத் தேவையில்லை. கேமரா அளந்த வெளிச்சத்தையே பரிமாறுபவரிடம் கொடுத்துவிட்டால் போதும். எந்தப் புள்ளி உண்மையில் மங்கலோ அதற்குக் கூடுதல் பங்கு எழுதி, புது ஹோலோகிராம் போட்டு, மறுபடி அளப்பார்கள்.

அப்படியானால் எந்த வேலைக்கும் இந்த வழியே போதுமா? போதாது. புள்ளிகள் தள்ளித் தள்ளி இருக்கும்வரைதான் இவர் ராஜா. புள்ளிகளுக்குப் பதிலாக ‘அ’ என்ற எழுத்தை நிரப்பிய, இடைவெளியில்லாத வெளிச்சமாகக் கேட்டுப் பாருங்கள். எழுத்து வரும், ஆனால் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி கறுப்புப் பொட்டுகள். முன்பு நமக்கு உதவிய அதே சுதந்திரம் இப்போது காலை வாரிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து இடங்களில் கட்டம் தன்னிஷ்டத்துக்கு மாறினால், நடுவே எங்கோ மேடும் பள்ளமும் சந்தித்து இருட்டாகத்தான் செய்யும். 2008-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ பாசியென்ஸ்கி, பிரையன் டிமார்க்கோ இருவரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். எழுத்துக்கு வெளியே ஓர் இடத்தைக் குப்பை கொட்ட ஒதுக்கிவிடு, அங்கே ஒளி எப்படி வந்தாலும் கேட்காதே என்றார்கள். குப்பைக்கு இடம் கிடைத்ததும் எழுத்து வழவழப்பாகிறது. பதிலுக்கு, ஒளியில் ஒரு நல்ல பங்கு குப்பைக்குப் போகிறது. நூறு மணிகளைப் பிடிப்பவர் இந்த வழிமுறையைத் தேர்ந்தெடுத்தால் ஒளியை வீணடிக்கிறார். வழவழப்பான படம் வேண்டியவர் பரிமாறுபவரைக் கூப்பிட்டால் தழும்புதான் மிஞ்சும்.

பைத்தான் நிரல் எழுதத் தெரிந்த அக்காவோ அண்ணனோ வீட்டில் இருந்தால், இதையெல்லாம் லேசரே இல்லாமல் கணினியில் செய்து பார்க்கலாம். முன்னும் பின்னும் போய்வரும் கணக்குக்கு ‘ஃபூரியே மாற்றம்’ என்று பெயர். நம்பை என்ற இலவசத் தொகுப்பில் அது தயாராக இருக்கிறது. முதலில் 10-க்கு 10 சதுரப் புள்ளிகளை, தொடக்கக் கட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். பிறகு குத்துமதிப்பான கட்டம் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு புள்ளிகளை ஒழுங்கான வரிசையிலிருந்து கொஞ்சம் கலைத்துவிட்டு, முதல் வழியையே மறுபடி ஓட்டுங்கள். பேய்ப் புள்ளிகள் என்ன ஆகின்றன என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை.